கறுப்பு பூசிய பெயர்கள்

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதுகூட, எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிவிட்டு, அவரைத் தவிர என்று சேர்த்துக்கொள்கிறேன்.

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் பல வருடம் அபார்ட்மென்டில் இருந்துவிட்டு, கிரீன் கார்டு வந்த பிறகு நாங்கள் வீடு வாங்கியது தெற்கே தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரில். ஒரு மெயின் ஸ்ட்ரீட், ஒரு தீயணைப்பு நிலையம், பீட்சா கடைகள், அவ்வளவுதான் ஊர். எங்களைப் பார்த்து இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் வந்தன. மூடிக்கிடந்த ஒரு கார்ப்பெட் கடையை வாடகைக்கு எடுத்து உள்ளே ஒரு பிள்ளையாரை வைக்கலாம், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்று எல்லோருமாக ஆசைப்பட்டோம். அதற்கு, எந்தக் கட்டடத்தில் என்ன நடக்கலாம் என்று முடிவு செய்கிற ஊரின் ஜோனிங் போர்டு சம்மதிக்க வேண்டும். அந்த போர்டின் தலைவர்தான் நான் சொல்லும் ஆள். ஹைவேயில் பெரிய ரெஸ்டாரன்ட் ஒன்றின் முதலாளி. வெள்ளை முடி, நல்ல பல்வரிசை, யாரைப் பார்த்தாலும் தோளில் தட்டும் பழக்கம்.

விசாரணை அன்று எங்கள் சார்பில் மைக் முன்னால் நின்றது நான். பயந்து பயந்து தயாரித்ததை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் புன்னகையோடு கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சபையைப் பார்த்துப் பேசினார். "இவங்க நல்லவங்கதான். ஆனா கொஞ்ச வருஷத்துல இவங்க பிள்ளைங்க படிச்சு வேற ஊருக்குப் போயிடுவாங்க. கட்டடம் நம்ம தலையில விழும். இந்த ஊர் இதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தாச்சு."

சபையில் சிலர் சிரித்தார்கள். மறுத்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே என்னை ஊரை விட்டுப் போய்விட்டவளாகப் பேசினாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அப்போது எனக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு கிழக்குரல் கேட்டது. "பார்த்தது மட்டுமா? எங்க ஜன்னலை எல்லாம் நீதானே வச்சிருக்கே!"

அவர் சுத்தியலால் மேஜையைத் தட்டி, "அடுத்த மனு" என்றார். பார்க்கிங் போதாது என்று எங்கள் மனு தள்ளுபடி ஆனது.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் அந்தக் குரலுக்கு உரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். எண்பதை நெருங்கிய வயது, குள்ளம், காலில் ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ். நான் "ஆன்ட்டி" என்று ஆரம்பித்ததும், "நான் உனக்கு அத்தை இல்லை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, கூப்பிடு. என்னைக் கூப்பிட இப்ப இந்த ஊர்ல வேற யாரும் இல்லை" என்றார். அவர் பேசியது எல்லாம் ஆங்கிலம்தான். என் காதுக்குள் அது விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

ஆன்ட்டி அந்த ஊரின் கடைசி யூதர். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் தனியாக இருந்தார். மறுநாளே அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கதை கேட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குடும்பத்தில் பாதிப் பேரை நாஜி முகாம்களில் பறிகொடுத்துவிட்டு போலந்திலிருந்து வந்தவர்கள் அவருடைய பெற்றோர். ஆன்ட்டி அப்போது கைக்குழந்தை. இங்கிலீஷ் தெரியாதவர்கள் நியூ ஜெர்சியில் என்ன செய்வது? கோழியோடு பேச இங்கிலீஷ் தேவையில்லை என்று யாரோ சொல்ல, தையற்காரர், வயலின் வாத்தியார், வக்கீல் என்று கோழியைத் தொட்டே பார்க்காத ஒரு கூட்டம் இங்கே பண்ணை வாங்கி முட்டை விற்க ஆரம்பித்தது.

"கோழிப்பண்ணைன்னா உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

நான் நாமக்கல்காரி. என் அப்பாவுக்கு ஷெட் ஷெட்டாக முட்டையிடும் லேயர் கோழிகள். பள்ளிக்கூடத்தில் என் யூனிஃபார்மில் தீவன வாடை அடிக்கிறது என்று ஒருத்தியும் பக்கத்தில் உட்கார மாட்டாள். அதைச் சொன்னதும் ஆன்ட்டி மேஜையில் ஓங்கித் தட்டினார். "என் பக்கத்துலயும் எவளும் உட்கார மாட்டா!" ஒரே நோய் இரண்டு ஊரிலும் பண்ணைகளைக் காலி செய்திருக்கிறது. அவர்கள் நியூகேசில் என்கிறார்கள், நாங்கள் ராணிக்கெட் என்கிறோம். நோய் வந்த கோழி கழுத்தை எப்படித் திருகிக்கொள்ளும் என்று நான் செய்து காட்ட, அதே சமயம் அவரும் செய்து காட்டினார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

அந்தப் பண்ணைக்காரர்கள்தான் மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். செங்கல் கட்டடம், பெரிதில்லை. பகலில் முட்டை பொறுக்கிவிட்டு மாலையில் அவர்களே போய்ச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் கொடுத்தது. கீழே அந்தக் குடும்பத்தின் பெயரும், ஐரோப்பாவில் செத்துப்போன அவர்கள் உறவினரின் பெயர்களும். கோதுமைக் கதிர், ஆறு, மரம் என்று ஆளுக்கொரு படம். ஆன்ட்டியின் அப்பா மட்டும் கோழிதான் வேண்டும் என்று நின்றாராம். ஆலயத்துக் குரு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கண்ணாடி செய்தவர் ஒரு பறவையைப் போட்டுக் கொடுத்தார். குரு அதைப் புறா என்றார். புறாவுக்குக் கொண்டை ஏது என்று ஊரே சிரித்ததாம்.

பிறகு தெற்கு மாநிலங்களில் ராட்சசக் கோழிப்பண்ணைகள் வந்தன. முட்டை விலை விழுந்தது. பிள்ளைகள் காலேஜுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். நிலங்களை பில்டர்கள் வாங்கினார்கள். எங்கள் வீடு நிற்கும் மண்ணே வயலின் வாத்தியாரின் பண்ணை என்று ஆன்ட்டி சொல்லித்தான் தெரியும்.

யூதர்கள் கூடிப் பிரார்த்தனை செய்ய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். கடைசிக் குளிர்காலத்தில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள். "பத்தாவது ஆள் யாராவது வருவானான்னு வாசல்ல நின்னு ரோட்டைப் பார்ப்பாங்க. நான் உள்ளேயே நிக்கறேன். அவங்க கண்ணுக்குத் தெரியலை. என்னைச் சேர்த்துக்கறதைவிடப் பூட்டறதே மேல்னு பூட்டினாங்க" என்றார் ஆன்ட்டி. அந்தக் கோபம் வேறு கணக்கில் அவரிடம் தனியாக இருந்தது.

பூட்டிய கட்டடத்தை வாங்கியது நான் மன்னிக்காத அந்த ஆள்தான். ஜன்னல்களைக் கழற்றிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கேட்டார்கள். "மெதுவா எடுத்துக்கங்க, என்ன அவசரம்?" என்று தோளில் தட்டினாராம். அடுத்த வாரமே இடித்துவிட்டார். ஜன்னல்களைத் தானே கழற்றி ரெஸ்டாரன்டில் பதித்துக்கொண்டார். பின்னால் விளக்குப் போட்டு, பார்ட்டி ஹாலின் சுவர் முழுக்க. பெயர்கள் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உறுத்தும் என்று கீழ்வரிசையில் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார்.

"எத்தனையோ வருஷமா அங்கே கல்யாணம் நடக்குது. எங்கப்பாவோட கோழிக்குக் கீழே நின்னு பீர் குடிக்கறாங்க" என்றார் ஆன்ட்டி. "எனக்கு இப்ப கண்ணு சரியில்லை, டிரைவ் பண்ண முடியாது. உனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை இருக்கா?"

இல்லை என்றேன்.

வெள்ளி அந்தி சாய்ந்ததும் யூதர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், வண்டியில் ஏறக்கூடாது. அதைக் கேட்டேன். "கோபத்துக்கு விலக்கு உண்டு" என்றார். பட்டு ஸ்கார்ஃப், முத்துமாலை, அதே ரப்பர் பூட்ஸ். விருந்து புக் ஆகாத நாட்களில் பார்ட்டி ஹாலிலும் ஆட்களை உட்கார வைப்பார்கள். ஆன்ட்டி அங்கேயே ஒரு மேஜை கேட்டு, எலுமிச்சை போட்ட வெந்நீர் மட்டும் வாங்குவார். அவர்கள் சமையல் யூத ஆசாரப்படி இல்லாததால் அவருக்கு ஆகாது. நான் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் வாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு அவர் பக்கத்து மேஜையைப் பார்த்துத் திரும்புவார்.

"சாப்பாடு நல்லா இருக்கா? சந்தோஷம். அந்த ஜன்னல் தெரியுதா? அதுல கறுப்புக்கு அடியில என் பெரியம்மா பேரு இருக்கு. அடுப்புல போட்டு எரிச்சாங்க அவங்களை."

சிலர் எழுந்து வேறு மேஜைக்குப் போனார்கள். சிலர் அழுதார்கள். ஒரு தம்பதி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். முதலாளி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகம் சிவப்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். வெயிலில் நடந்துவந்து மோர் குடித்தது போல இருந்தது.

கோடைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி வாசலிலேயே எங்களை நிறுத்தினார். "இது என் இடம். யாரை உள்ளே விடறதுன்னு நான் முடிவு பண்ணுவேன். இனிமே இந்த அம்மா வந்தா போலீஸைக் கூப்பிடுவேன்." என்னைப் பார்த்து, "உனக்கு இதுல என்ன வேலை? உன் மனுவைத் தள்ளினதுக்காகவா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

ஆன்ட்டியை அவர் வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன். அந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு ஜூனில் ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது.

"ஏனுங்க, உங்க பர்த்டேயை அந்த ஹால்லயே வெச்சுக்கலாங்க."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மிணி, உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா? நாளைக்கு நம்ம வீட்டுக்குப் பின்னால மரத்துல டெக் கட்டோணும்னாலும் அந்தாளு கையெழுத்துதான் வேணும்."

"டெக் வேண்டாங்க."

அவர் டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "மைக்ல நீ நிக்கறப்ப அவனுக சிரிச்சானுகள்ல," என்றார். "சரி, புக் பண்ணு."

புக் பண்ணியது அவர் ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலமாக. வெள்ளிக்கிழமை மாலை, ஐம்பதாவது பிறந்தநாள், குடும்ப விருந்து, கேக் உண்டு. எல்லாமே உண்மை. யாருடைய குடும்பம் என்று அவர்கள் கேட்கவில்லை.

விருந்துக்கு அந்தப் பழைய பண்ணைக் குடும்பங்களையும் கூப்பிட நினைத்தோம். ஆன்ட்டிக்குத் தெரிந்த பழைய போன் எண்களில் பாதி செத்துப் போயிருந்தன. மிச்சத்தை என் மகள் பார்த்துக்கொண்டாள். ஹைஸ்கூல் படிக்கிறவள், தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில். "அம்மா, யூ ஆர் ஈவில். ஐ லவ் இட்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். கோழிப்பண்ணைக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஃபுளோரிடாவில், டெக்சாஸில், பே ஏரியாவில் என்று சிதறிக் கிடந்தார்கள். அவள் தேடிக் கண்டுபிடிக்க, ஆன்ட்டி பேசினார். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரே உத்தரவு: "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, ஹேண்ட்பேக்ல நெயில் பாலிஷ் ரிமூவர் கொண்டுவரணும்."

அன்று மாலை வெயில் இன்னும் சாயவில்லை. முதலில் எங்கள் ஆட்கள் போனோம். பட்டுப்புடவை, வேட்டி, குழந்தைகள், கையில் மல்லிகை. முதலாளி என்னை அடையாளம் கண்டு முகம் சுளித்தார், ஆனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிறகு அந்தப் பண்ணைக் குடும்பங்கள் வந்தன. சக்கர நாற்காலியில், ஊன்றுகோலில், கைக்குழந்தையோடு. ஹால் நிறைந்தது. கடைசியில் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆன்ட்டி நுழைந்தார்.

"இந்த அம்மாவை நான் வர வேண்டாம்னு சொல்லியிருக்கேன்" என்றார் முதலாளி.

"இவங்க என் விருந்தாளிங்க. இன்னிக்கு எனக்கு பர்த்டே" என்றார் என் கணவர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

ஆன்ட்டி ஒரு மேஜையில், ஓய்வுநாளுக்கு ஏற்றும் மெழுகுவர்த்திகளை வைத்தார். உள்ளே நெருப்பு கூடாது என்று மேனேஜர் ஓடி வந்தார். கேக் உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறோமே என்றேன். கேக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தோம். மேனேஜர் மெழுகுவர்த்தியையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆன்ட்டி ஏற்றி, கைகளால் கண்ணை மூடி, அவர்கள் மொழியில் முணுமுணுத்தார். அந்தக் கூட்டத்தில் பலருக்கு அது மறந்துபோயிருந்தது. வாய் மட்டும் அசைந்தது.

அப்புறம் ஒரு நடுவயதுப் பெண் எழுந்து சுவர் ஓரமாகப் போய், பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. ஹால் முழுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. கறுப்பு பெயின்ட் தார் மாதிரி வழிந்தது. அடியிலிருந்து எழுத்துகள் வந்தன. வந்த பெயரை ஒவ்வொருத்தியும் உரக்க வாசித்தாள். எங்கள் பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு போய்ச் சேர்ந்துகொண்டார்கள். எழுத்துப் புரியவில்லை என்றாலும் துடைக்கத் தெரியுமே.

"இது என் சொத்து!" என்று கத்தினார் முதலாளி.

"அழுக்கா இருந்துச்சு. துடைச்சுத் தரோம்" என்றார் ஆன்ட்டி, திரும்பிப் பார்க்காமல்.

அவர் போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். சுற்றிலும் எல்லோரும் செல்போனில் அவரையே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறந்தநாள் விருந்தில், செத்தவர்கள் பெயரைத் துடைக்கிற கிழவிகளைப் பிடித்துப் போக போலீஸை அழைத்த மனிதர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம் போலிருந்தது. போனைப் பைக்குள் வைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

ஆனால் ஆன்ட்டிக்கு அன்று இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஆலயத்தைப் பூட்டிய ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார், ஃபுளோரிடாவிலிருந்து சக்கர நாற்காலியில் வந்திருந்தார். பிரார்த்தனை தொடங்கலாமா என்று அவர் கேட்டபோது ஆன்ட்டி முன்னால் போய் நின்றார்.

"எண்ணு" என்றார்.

"எதுக்கு? ஆம்பளைங்களே பத்துக்கு மேல இருக்காங்களே."

"என்கிட்ட இருந்து ஆரம்பி."

ஆட்களை நேராக எண்ணினால் கண்பட்டுவிடும் என்று அவர்கள் 'ஒன்றில்லை, இரண்டில்லை' என்றுதான் எண்ணுவார்களாம். அந்தக் கிழவர் வெகுநேரம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவருக்கு உதவிக்குப் போகவில்லை. கடைசியில் ஆன்ட்டியை நோக்கி விரலை நீட்டி, "ஒன்றில்லை" என்றார். ஆன்ட்டி தலையசைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஜெயித்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அடுத்த வாரம் முதலாளி ஆன்ட்டி வீட்டு வாசலுக்கு வந்தார். நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீடியோக்களைப் பார்த்துவிட்டு யார் யாரோ அவருக்குப் போன் செய்துகொண்டே இருந்தார்களாம். "ஜன்னலை எல்லாம் எடுத்துக்கங்க. நானே வண்டியில கொண்டுவந்து இறக்கறேன்" என்றார்.

"வேண்டாம்" என்றார் ஆன்ட்டி. "அங்கேயே இருக்கட்டும். நீ தினமும் பார்க்கணும்."

"அப்படின்னா குப்பையில போட்டுடுவேன்."

"போடு. பட்டப்பகல்ல போடு. எல்லாரையும் பார்க்கக் கூப்பிடறேன்."

அவர் போன பிறகு நான் சண்டை போட்டேன். கையில் வருவதை ஏன் விடுகிறீர்கள் என்றேன். "எங்கே வைப்பேன்? என் சமையலறையிலயா? மாட்ட ஒரு சுவர் இருந்துச்சு, அதை அவன் இடிச்சுட்டான்" என்றார். நான் மறுபடி காய் நறுக்கப் போனேன்.

முதலாளியால் ஜன்னல்களை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, வீசவும் முடியவில்லை. பெயர்களுக்கு மேல் மறுபடி பெயின்ட் அடிக்கத் துணிச்சல் இல்லாமல் பிளைவுட் அடித்து மறைத்தார். மறைத்த பிறகுதான் எல்லோரும் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கல்யாண புக்கிங்குகள் குறைந்தன. எங்கள் பிள்ளையாருக்கு மட்டும் இதனால் ஒரு லாபமும் இல்லை. இரண்டாவது முறையும் மனுவைத் தள்ளினார்கள். பக்கத்து ஊரில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில்தான் இப்போது பிள்ளையார் இருக்கிறார்.

ஆன்ட்டி மறு வருடம் பே ஏரியாவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். விரும்பிப் போகவில்லை, கண் சுத்தமாக மங்கிவிட்டது. அவர் போய்ச் சில மாதத்தில் ரெஸ்டாரன்ட் விலைக்குப் போனது. வாங்கியவர்களுக்கு ஜன்னல்கள் வேண்டாம். வேறொரு ஊரின் அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது, ஆனால் கழற்றி வெளியே வைக்க வேண்டியது பழைய முதலாளியின் பொறுப்பு. அன்று கடைக்குப் போகிற வழியில் அவரைப் பார்த்துவிட்டுக் காரை ஓரம் கட்டினேன். வேலையாட்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஒல்லியாகிப் போன மனிதர், ஒற்றை ஆளாகக் கண்ணாடிச் சட்டத்தை வாசல் வழியாக இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்க முடியுமா?" என்றார்.

"முடியாது" என்றேன்.

காரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தேன். கடைசிச் சட்டம் படியில் இடித்து ஒரு மூலையில் விரிசல் விட்டது. அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஆன்ட்டிக்குப் போன் போட்டேன்.

"எது விரிஞ்சது?" என்று பதறினார்.

"கோதுமைக் கதிர் போட்டது."

"ஓ, அவங்களா" என்றார், குரலில் உடனே நிம்மதி. "ஆலயத்தை விக்கலாம்னு முதல்ல கையைத் தூக்கினது அந்தக் குடும்பம்தான். போகட்டும். அவன் எப்படி இருந்தான்?"

"மோசமா இருந்தாரு ஆன்ட்டி. இளைச்சுட்டாரு. மூச்சு வாங்குச்சு. உதவி கேட்டாரு, நான் பண்ணலை."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. ஆன்ட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றார். "மெதுவா."